தண்டையார்பேட்டை டு காசி: சத்திரம் சத்திரமாக 15 மாதம் பயணித்த வீராசாமி யார்?

ஆல்ப்ஸ் மலை ரீல்ஸ் பார்த்திருப்பீர்கள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு குச்சி. காலையில் ஒரு குடிலிலிருந்து கிளம்பி, சாயங்காலம் அடுத்த குடிலில் சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். மோன் பிளாங்க் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள் வழியாக சுமார் 170 கிலோமீட்டர். பத்து, பதினொரு நாள் நடை. கூடாரம் சுமக்க வேண்டாம், அடுப்பு சுமக்க வேண்டாம். ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம் என்று வழிநெடுக இருப்பதால்தான் சாதாரண ஆட்களாலும் இது முடிகிறது.

கிட்டத்தட்ட இதே முறையில், நம்ம வடசென்னையிலிருந்து ஒருவர் காசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். குடிலுக்குப் பதில் சத்திரம். பத்து நாளுக்குப் பதில் 15 மாதம். அதுவும் 1830-ல், இந்தியாவில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்குவதற்கு 20 வருஷத்துக்கும் முன்னால்.

அவர் பெயர் ஏனுகுல வீராசாமி. தெலுங்கு வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். அவர் வாழ்ந்து, வேலை பார்த்து, கிளம்பிப் போய், திரும்பி வந்த சென்னையில்தான் பலருக்கு அவரைத் தெரியாது.

யார் இந்த வீராசாமி?

பிறந்தது சுமார் 1780. தெலுங்கு நியோகி பிராமணக் குடும்பம். ‘ஏனுகுல’ என்பது வீட்டுப் பெயர். தெலுங்கில் ‘ஏனுகு’ என்றால் யானை. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். அதனால் படிப்பும் வேலையும் ஒன்றாகவே ஆரம்பித்துவிட்டன. பதின்ம வயதிலேயே கம்பெனி அலுவலகங்களில் சேர்ந்து, திருநெல்வேலிப் பக்கமும் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தார். தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றும் அவருக்குக் கைவந்த மொழிகள்.

கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம், சென்னையின் சுப்ரீம் கோர்ட். ஆமாம், அப்போது சென்னையிலேயே ஒரு சுப்ரீம் கோர்ட் இருந்தது. 1801-ல் தொடங்கியது, 1862-ல் உயர் நீதிமன்றம் வரும்வரை நடந்தது. வீராசாமி காலத்தில் அது கடற்கரையோரம் பென்டிங்க் கட்டடத்தில் இயங்கியது. இப்போது ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற அதே இடம். அங்கே வீராசாமிக்கு இன்டர்பிரட்டர் வேலை.

இந்த வேலையைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். நீதிபதிகள் வெள்ளைக்காரர்கள். வழக்குப் போட்டவர், சாட்சி சொல்பவர், குற்றம் சாட்டப்பட்டவர் எல்லாம் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். நடுவில் நிற்கிற ஒருவர் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் ஒருவரின் சொத்து போகும், சில வழக்குகளில் உயிரே போகும். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் அவருடைய தொழில். இந்தப் பழக்கம் பின்னால் அவருடைய பயண எழுத்திலும் அப்படியே தெரியும்.

கிளம்பிய ராத்திரி

1830 மே 18. அக்னி நட்சத்திர வெயில். வீராசாமி கிளம்பியது பகலில் இல்லை. ராத்திரி 9 மணிக்கு. இடம்: தண்டையார்பேட்டையில் இருந்த தோட்டம். கூடவே குடும்பத்தினர், உறவினர், வேலையாட்கள், பல்லக்குத் தூக்கிகள், சுமை தூக்குபவர்கள் என சுமார் 100 பேர். கூடாரங்களும் உடன் போயின.

முதல் நிறுத்தம் எது தெரியுமா? மாதவரம். இன்று தண்டையார்பேட்டையிலிருந்து பைக்கில் அரை மணி நேரம்கூட ஆகாது. காசிக்குப் போகிறவர் முதல் நாள் மாதவரத்தோடு நிற்பானேன்? நெடும்பயணம் போகிற கூட்டத்துக்கு இது நல்ல முறை. நூறு பேர் கிளம்பினால் யாராவது எதையாவது மறந்திருப்பார்கள். முதல் தங்கல் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால், திருப்பி ஆள் அனுப்பி எடுத்துவரலாம்.

அடுத்து பாலவாயல், பிறகு கொசஸ்தலை ஆற்றைத் தாண்டி வெங்கல் பக்கம், அங்கிருந்து திருப்பதி திசை. மாதவரத்துக்கும் பாலவாயலுக்கும் நடுவில் இருக்கிற ஊர்தான் புழல். இன்றைக்குப் புழல் என்றதும் சிறைச்சாலையும், செங்குன்றம் ஏரியும், ஜி.என்.டி. சாலையில் வரிசையாக நிற்கிற லாரியும்தான் ஞாபகம் வரும். ஆனால், பழைய தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று புழல் கோட்டம். இங்கே பழமையான சிவன் கோயிலும் சமணக் கோயிலும் உண்டு. வடக்கே போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் எப்போதுமே வாசல்தான்.

சத்திரம் என்பது என்ன?

ஆல்ப்ஸுக்கும் நமக்கும் இங்கேதான் ஒற்றுமை. அங்கேயும் முதலில் தங்குமிடம் கட்டியது டூரிஸ்ட்டுக்காக இல்லை. சுமார் 2,470 மீட்டர் உயரத்தில் இருக்கிற கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில், யாத்ரீகர்களும் வியாபாரிகளும் பனியில் செத்துப்போகாமல் இருக்க 11-ம் நூற்றாண்டில் துறவிகள் ஒரு விடுதி கட்டினார்கள். பொழுதுபோக்குக்காக மலையேறுகிறவர்களுக்கான குடில்கள் ரொம்பப் பிந்தியவை. சுவிஸ் ஆல்பைன் கிளப் தன்னுடைய முதல் குடிலைக் கட்டியது 1863-ல்தான்.

நம்ம பக்கம் அந்த வேலையைச் செய்தவை சத்திரங்கள். அரசர்கள், ஜமீன்தார்கள், வியாபாரிகள் புண்ணியத்துக்காகக் கட்டினார்கள். ஒரு திண்ணை, நடுவில் முற்றம், பக்கத்தில் கிணறோ குளமோ, அரிசி பருப்பு விற்கிற ஒரு கடை. சில சத்திரங்களில் சமைத்த சாப்பாடே கிடைக்கும். சிலவற்றில் அரிசி, பருப்பு, விறகு கொடுப்பார்கள், நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சத்திரத்துக்கும் அடுத்த சத்திரத்துக்கும் இடையே பெரும்பாலும் ஒரு வேளை, இரண்டு வேளை நடைதான்.

ஆனால், ‘எல்லோருக்கும் வாசல் திறந்திருந்தது’ என்று சொல்லிவிட முடியாது. சாதி பார்த்துத்தான் இடம். பிராமணர்களுக்குத் தனிப் பகுதி, மற்றவர்களுக்குத் தனிப் பகுதி என்பது வழக்கம். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் திண்ணைகூடக் கிடையாது. கையில் காசும், மேல்சாதிப் பிறப்பும், கோர்ட் உத்தியோகமும் இருந்த வீராசாமிக்குத் திறந்த கதவு, எல்லோருக்கும் திறக்கவில்லை.

வழியில் என்னென்ன சிக்கல்?

திருப்பதி, கடப்பை, அகோபிலம், ஸ்ரீசைலம், கர்னூல், ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர், மிர்சாபூர், பிரயாகை, அப்புறம் காசி. மேப்பில் பார்த்தால் ஒரே கோடு. அன்றைக்கு அது பல தேசங்கள் வழியாகப் போன கோடு.

சென்னை, கடப்பை வரைக்கும் கம்பெனி ஆட்சி. கர்னூலில் நவாப். ஐதராபாத்தில் நிஜாம். நாக்பூரில் போன்ஸ்லே ராஜா. ஒவ்வொரு எல்லையிலும் சுங்கம், விசாரிப்பு. ஒவ்வொரு ஆட்சியிலும் வேறு வேறு நாணயம். இந்தியாவில் கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்பதே 1835-ல்தான் வந்தது. அதனால், காசு மாற்றுகிற ஒவ்வொரு முறையும் கையில் கொஞ்சம் குறையும். இப்போது வெளிநாட்டுப் பயணத்தில் ஏர்போர்ட் கவுன்டரில் நமக்கு வலிக்கிற அதே வலி.

கோயில்களிலும் வரி. யாத்திரை வரி என்று ஒன்று இருந்தது. ஸ்ரீசைலத்தில் கர்னூல் நவாப் வசூலித்தார். பிரயாகை, கயை, பூரியில் கம்பெனியே வசூலித்தது. சாமி கும்பிடப் போகிறவரிடம் அரசாங்கம் காசு வாங்கிய இந்த வழக்கத்தை, அந்த மூன்று ஊர்களில் கம்பெனி நிறுத்தியது 1840-ல். அதாவது, வீராசாமி இறந்து நான்கு வருஷம் கழித்து.

நல்லமலைக் காட்டில் ஏற்றம், புலி பயம். மழைக்காலத்தில் ஆறுகள். எல்லாவற்றுக்கும் மேல், வழிப்பறி. மத்திய இந்தியச் சாலைகளில் ‘தக்கர்கள்’ யாத்ரீகர் மாதிரியே கூடவே நடந்து வந்து, நட்பாகப் பேசி, ராத்திரியில் கழுத்தை நெரிக்கிறார்கள் என்ற பயம் பரவியிருந்த காலம் அது. வீராசாமி ஜபல்பூர் வழியாகப் போன அதே 1830 வாக்கில்தான், அந்தப் பகுதியில் கம்பெனி அதிகாரி ஸ்லீமன் அவர்களைப் பிடிக்கிற வேலையைத் தீவிரமாகத் தொடங்கினார். நூறு பேராகக் கூட்டமாகப் போனதன் அர்த்தம் இப்போது புரியும். ஆடம்பரம் கொஞ்சம், பாதுகாப்பு அதிகம்.

காசி, கயை எல்லாம் முடித்து, கங்கையில் படகில் கல்கத்தா. அங்கிருந்து பூரி, கஞ்சம், விசாகப்பட்டினம், ராஜமுந்திரி, நெல்லூர் என்று கடற்கரைப் பக்கமாகவே இறங்கி, 1831 செப்டம்பர் 3-ம் தேதி சென்னை வந்து சேர்ந்தார். மொத்தம் 15 மாதம், 15 நாள், 15 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

உண்மையில் நடந்தது யார்?

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீராசாமி இந்தப் பயணத்தில் பெரும்பகுதியைப் பல்லக்கில்தான் கடந்தார். நடந்தவர்கள், பல்லக்கைத் தோளில் சுமந்தவர்கள்.

பொதுவாக ஒரு பல்லக்குக்கு எட்டுப் பேருக்குக் குறையாமல் வேண்டும். நான்கு பேர் சுமக்க, நான்கு பேர் மாற்றுக்கு. நல்ல சாலையில் ஒரு நாளைக்கு பத்து, பன்னிரண்டு மைல் சாதாரணம். மலையோ, சேறோ, வெயிலோ வந்தால் அது பாதியாகும். இவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பயணமே நின்றுபோகும். எத்தனை மைல் போகலாம், எங்கே நிற்கலாம் என்பதையெல்லாம் கடைசியில் முடிவு செய்தது இவர்களுடைய தோளும் காலும்தான்.

இமயமலை டிரெக்கிங்கில் இன்றைக்கும் போர்ட்டர்கள் இருக்கிறார்கள். போட்டோவில் பையோடு சிரிக்கிறவர் ஒருவர். கூடாரத்தையும் பாத்திரத்தையும் முன்னால் சுமந்துகொண்டு போனவர் இன்னொருவர். 1830-ல் இந்த வித்தியாசம் இன்னும் பச்சையாகத் தெரிந்தது. காசிக்குப் போன புண்ணியம் பயணக்காரர் கணக்கில் வரும். வழியெல்லாம் கால் தேய்ந்தவர்களுக்குக் கூலி. புத்தக அட்டையில் இருப்பதும் வீராசாமியின் பெயர்தான்.

கடிதங்கள் புத்தகமானது எப்படி?

அப்படியானால், வீராசாமியை எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? காசிக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவருக்குப் பத்து வருஷம் முன்னாலேயே தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி பெரும் பரிவாரத்தோடு காசிக்குப் போனார். அவரோடு ஒப்பிட்டால் வீராசாமியின் கூட்டம் ரொம்பச் சின்னது.

வித்தியாசம், எழுதியதில் இருக்கிறது. சென்னையில் அவருக்கு ஒரு நண்பர்: கோமளேஸ்வரன்பேட்டை சீனிவாச பிள்ளை. பயணத்தில் பார்ப்பதையெல்லாம் எழுதி அனுப்பச் சொல்லி அவர் கேட்டுக்கொள்ள, வீராசாமி வழிநெடுகக் கடிதம் எழுதினார். தெலுங்கில்தான், ஆனால், இலக்கணப் பண்டிதர்களின் தெலுங்கில் அல்ல. வீட்டில் பேசுகிற தெலுங்குக்குப் பக்கத்தில், தமிழ், இந்துஸ்தானி, ஆங்கிலச் சொற்கள் எல்லாம் கலந்து வருகிற நடை. சென்னைக்காரர் எழுத்து வேறு எப்படி இருக்கும்?

என்ன எழுதினார்? கோயில் வருணனை உண்டு, சடங்கு விவரம் உண்டு. ஆனால், திரும்பத் திரும்ப வருவது வேறு. இந்த ஊருக்கும் அடுத்த ஊருக்கும் எவ்வளவு தூரம், பாதை மணலா கல்லா, சத்திரம் இருக்கிறதா, கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா, கடையில் என்ன கிடைக்கும், தங்கலாமா, தாண்டிப் போய்விடலாமா. இப்போது நாம் கூகுள் மேப்ஸில் ரிவ்யூ போடுகிறோமே, அதே வேலை. கோர்ட்டில் சாட்சி சொன்னதை அப்படியே மொழிபெயர்த்த மனுஷன், பாதை சொன்னதையும் அப்படியே எழுதிவைத்தார்.

வீராசாமி 1836-ல் இறந்துவிட்டார். கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்த சீனிவாச பிள்ளை, 1838-ல் அவற்றை ‘காசியாத்ர சரித்ர’ என்ற பெயரில் அச்சில் கொண்டுவந்தார். தெலுங்கின் முதல் பயண நூல் என்று மதிக்கப்படுவது இதுதான். தன் புத்தகத்தை அச்சில் பார்க்கும் வாய்ப்பு எழுதியவருக்குக் கிடைக்கவில்லை. நண்பர் அந்தக் கடிதங்களைப் பழைய காகிதம் என்று மூட்டை கட்டியிருந்தால், இந்தக் கதையே நமக்கு வந்திருக்காது. 1941-ல் திகவல்லி வேங்கட சிவராவ் அதை மறுபடி பதிப்பித்தார். 1973-ல் ஆந்திர அரசு ஆவணக் காப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்டது.

இன்னொரு பொருத்தம்: அதே 1838-ல்தான் லண்டனில் ஜான் முர்ரே பதிப்பகம், சுவிட்சர்லாந்து போகிற பயணிகளுக்கான கைநூலை வெளியிட்டது. ஆல்ப்ஸில் எந்த வழியாகப் போகலாம், எந்த விடுதியில் தங்கலாம் என்று சொல்கிற புத்தகம். அது பெரிய தொழிலின் தொடக்கமாக ஆனது; வழிகாட்டி நூல், கிளப், குடில், டூரிஸ்ட் என்று வளர்ந்தது. நம்ம பக்கம் அப்படி நடக்கவில்லை.

ஏன் நடக்கவில்லை?

முதல் காரணம் பஞ்சம். வீராசாமி திரும்பி வந்து இரண்டே வருஷத்தில், 1832-33-ல், அவர் இறங்கி வந்த கிழக்குக் கடற்கரைப் பக்கத்தில் குண்டூர் பஞ்சம் வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிழைத்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னையை நோக்கி நடந்தார்கள். புண்ணியத்துக்காகக் கட்டிய சத்திரங்கள், பசியோடு வருகிற பெருங்கூட்டத்துக்குப் போதுமானவை அல்ல. சிலருக்கு யாத்திரை வழியாக இருந்தது, பலருக்குச் சாவுப் பாதையானது.

இரண்டாவது காரணம் ரயில். அதுவும் வடசென்னையிலிருந்தே கிளம்பியது. 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய் பாதையோடு சென்னைப் பாதை இணைந்துவிட்டது. அதன் பிறகு காசிக்குப் போக ஒன்றேகால் வருஷம் லீவு போட வேண்டியதில்லை. தண்டையார்பேட்டையில் பல்லக்கு ஏறியவரின் பேரப்பிள்ளைகள் வயதினர், கூப்பிடு தூரத்தில் இருக்கிற ராயபுரத்தில் டிக்கெட் வாங்கினார்கள். நல்லதுதான். ஏழைகளும் போக முடிந்தது. தோளில் சுமக்கிற கொடுமையும் குறைந்தது. ஆனால், நடுவில் இருந்த ஊர்கள் பயணத்திலிருந்து காணாமல் போயின. தங்குகிறவர் இல்லாத சத்திரம் எத்தனை நாள் நிற்கும்? பல இடிந்தன, சில ஆக்கிரமிப்பாயின, சில ஊர்ப் பெயரில் மட்டும் மிச்சம்.

புழல் பக்கமும் மாறிப்போனது. பாசனத்துக்கு இருந்த ஏரி, 1870-களில் சென்னை நகரத்தின் குடிநீர் ஏரியாகப் பெரிதாக்கப்பட்டது. வடக்கே போகிற பாதை கல்கத்தா நெடுஞ்சாலை ஆனது. இன்றைக்கு அதே சாலையில் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் போகிற கன்டெய்னர்கள்.

நடை முழுசா நின்னு போச்சா?

இல்லை. ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி செங்குன்றம் சாலையில் நின்று பாருங்கள். பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்கு வடசென்னையிலிருந்து மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகக் கூட்டம் நடந்து போகும். வீராசாமி போன வெங்கல் பக்கத்துக்கு வெகு அருகில்தான் பெரியபாளையம். புரட்டாசியில் திருப்பதிக் குடைகள் பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி, வழியில் தங்கித் தங்கித் திருமலை போய்ச் சேர்கின்றன. வேளாங்கண்ணிக்குக் காவி உடையில் நடக்கிறவர்களும் உண்டு. இவர்கள் யாரும் இதை டிரெக்கிங் என்று சொல்வதில்லை. வழியில் மோர் கொடுப்பவர், பந்தல் போட்டுச் சோறு போடுபவர், கால் நீட்டத் திண்ணை கொடுப்பவர் என்று சங்கிலி அறுபடாமல் இருப்பதால் நடக்கிறார்கள். சத்திரத்தில் இருந்த சாதிக் கணக்கு இந்தப் பந்தல்களில் பெரும்பாலும் கிடையாது என்பது முக்கியமான வித்தியாசம்.

ஆல்ப்ஸ் போக ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால், அங்கே நம்மை மயக்குவது பனிமலை மட்டுமல்ல. அடுத்த இரவு எங்கே தலை சாய்ப்போம் என்ற நிச்சயம். அதை யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள், யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். வீராசாமி சத்திரம் கட்டியவர் இல்லை. கட்டியவை எங்கே இருக்கின்றன, எது நல்ல தண்ணீர் என்று அடுத்து வருகிறவருக்காகக் குறித்து வைத்தவர்.

அடுத்த முறை நீங்கள் ஒரு நீண்ட நடை போகும்போது, தண்ணீர் எங்கே கிடைத்தது, பெண்களுக்குக் கழிவறை எங்கே இருக்கிறது, இரவில் எந்த இடம் பாதுகாப்பு என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். கூட வந்து சுமை தூக்கியவரின் பெயரையும், அவர் சம்மதித்தால், சேர்த்து எழுதுங்கள்.